விஷம் வைத்தவள் நீட்டிய சிப்ஸ்

நேற்று திறந்தவெளி அரங்கில் எங்கள் நாடகம். அதிகம் பேர் கேள்விப்படாத ஒரு பழைய கிரேக்கத் துன்பியல் நாடகத்தைத் தமிழில் போட்டோம். பெற்ற மகனுக்குப் பாலில் விஷம் கலந்து கொடுக்கும் ராணி நான்தான்.

மகன் செத்து விழுந்தான். விளக்கு அணைந்தது. ஒருவர்கூடக் கைதட்டவில்லை, பேசாமல் எழுந்து போய்விட்டார்கள். நாடகம் ஊத்திக்கொண்டது என்று தூக்கமே வரவில்லை.

இன்று காலை தம்பானூர் போகிற பஸ்ஸில், வலியசாலையில் ஏறிய மாமி ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்து நீட்டினேன். எடுக்க வந்தவர் என் முகத்தைப் பார்த்ததும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"நேத்திக்குப் பெத்த பிள்ளைக்கு விஷம் கொடுத்தவ நீதானே?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"ஐயோ மாமி, அது நாடகம்!"

"தெரியும் கேட்டோ. ஆனாலும் எப்படிடீ மனசு வந்தது? ஆத்துக்குப் போய் ஒரு வாய் சாப்பிட முடியலை."

"அப்புறம் ஏன் மாமி யாருமே கைதட்டலை?"

"பிள்ளை செத்துக் கிடக்கறான். கைதட்டுவாளா?"

அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

ஒரு சிப்ஸை நானே மென்று விழுங்கிக் காட்டிய பிறகுதான் மாமி ஒன்று எடுத்துக்கொண்டார்.

பாக்கெட்டில் இன்னும் பாதி இருக்கிறது. யாருக்கு வேண்டும்?