வானவில் எடுத்த பத்தொன்பது படங்கள்

எங்கள் குடியிருப்பின் பராமரிப்பாளருக்கு வானவில் என்று பெயர் வைத்தவள் நான்தான். நல்ல எண்ணத்தில் வைக்கவில்லை. படிக்கட்டில் பல்பு போய்விட்டது என்று சொல்லி அனுப்பினால், மனிதர் வந்து அந்த இருட்டில் நிற்பார். ஜன்னல் வழியாக விழும் ஒரு துண்டு வெயிலைப் போனில் படம் பிடிப்பார். அதை நம்மிடமே காட்டி, "எப்படி இருக்கு பாருங்கம்மா" என்பார். பல்பு அடுத்த வாரம் வரும்.

ஐம்பதைத் தாண்டிய ஆள். கீழ்த்தளத்தில், மீட்டர் பெட்டிகளை ஒட்டிய ஒற்றை அறையில் மனைவியோடு குடியிருந்தார். மனைவி சலவைக்கடையில் நாள் முழுக்க இஸ்திரி போடுகிறவர். இவர் இங்கே வருவதற்கு முன் இருபத்திரண்டு வருடம் பெயிண்ட் கடையில் நிறம் கலந்தவராம். பெயர்ந்து வந்த சுவர்ச் சில்லைக் கொண்டுவந்து கொடுத்தால், அதே நிறத்தை டப்பாவில் அடைத்துக் கொடுப்பாராம். பிறகு கடைக்கு மெஷின் வந்தது, இவர் வெளியே வந்தார். மெஷின் வேலை நேரத்தில் மேகத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்காது என்று முதலாளி நினைத்திருப்பார். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

நான் மூன்றாவது மாடி. பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் வேலை. குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளரும் நான்தான். வேறு யாரும் அந்தத் தலைவலியை வாங்கிக்கொள்ளத் தயாராக இல்லை. பராமரிப்பாளர் தினமும் காலையில் மொட்டைமாடியிலிருந்து கார் நிறுத்துமிடம் வரை நடந்து, பழுதுகளை ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும் என்பது பழைய ஏற்பாடு. இவர் கையெழுத்தைப் படிப்பதற்குள் கண் பூத்துவிடும். அதனால் நான் ஒரு சீர்திருத்தம் கொண்டுவந்தேன்.

"இனிமே நோட்டு வேண்டாம். எது ரிப்பேர்னு தோணுதோ அதைப் போட்டோ எடுத்து நம்ம குரூப்ல போட்டுடுங்க. படத்தைப் பாத்தா எங்களுக்கே புரிஞ்சுடும்" என்றேன்.

அந்த யோசனைக்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

முதல் நாள், உடைந்த தபால் பெட்டி. சரி, அது பழுது. இரண்டாம் நாள் அதே தபால் பெட்டி, இந்தத் தடவை சிலந்தி வலையோடு. மூன்றாம் நாள் மொட்டைமாடிக் குழாயடியில் மூன்று பிளாஸ்டிக் வாளிகள், சிவப்பு, நீலம், சிவப்பு. பத்து நாளில் ஆளுக்குத் துளிர்விட்டுவிட்டது. கார்களுக்கு அடியில் எண்ணெய் மிதக்கும் குட்டை, கொடியில் காயும் இரண்டாம் வீட்டுப் போர்வை, துருப்பிடித்த கேட்டின் தாழ்ப்பாள் என்று குரூப்பை நிரப்ப ஆரம்பித்தார். சில படங்களுக்குக் கீழே விளக்கம் வேறு. "இது வெறும் பச்சை இல்லை. பச்சைக்குள்ள ஒரு சொட்டு கறுப்பு விழுந்தா வர்றது."

ஜனங்களுக்கு அது பிடித்தும் தொலைத்தது. ஆளாளுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள், இதயம் போட்டார்கள். அந்த ஆளை நிறுத்தச் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் நடுவில் போனை எடுப்பேன், அவர் படம் வந்திருக்கும், "அருமை" என்று அடித்துவிட்டு வைத்துவிடுவேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், முதல் எழுத்தை அடித்தாலே போன் மிச்சத்தைத் தானாக எழுதிக்கொண்டது.

மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் படி திரும்பும் இடத்தில், தலைக்கு மேலே சுவரில் ஒரு ஈரக்கறை வந்தது. மேல்தொட்டிக் குழாய் உள்ளுக்குள் கசிந்திருக்கிறது. வானவில்லுக்குப் புதையல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. ஓரத்தில் துரு நிறம், உள்ளே பாசி, நடுவில் லேசான ஊதா. மூன்று மாதத்தில் அந்தக் கறையை மட்டும் பத்தொன்பது படம் எடுத்தார். காலை வெயிலில், மேக மூட்டத்தில், பக்கத்திலிருந்து, கீழேயிருந்து. சொந்தப் பிள்ளை வளர்வதைக்கூட யாரும் இவ்வளவு படம் எடுத்திருக்க மாட்டார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அந்தக் கறை, ஒரு முறம் அகலத்துக்குக் காரையோடு பெயர்ந்து, என் அக்காவின் வலது தோளில் விழுந்தது.

அக்கா என்னோடு இருப்பவள். வீட்டில் துணி தைக்கிறாள். தைத்து முடித்த உருப்படிகளை நான்காம் மாடிக்குக் கொடுக்கப் போனவள் அவள். காறை எலும்பு முறிந்தது. மூன்று மாதம் கையைத் தூக்கக்கூடாது என்றார் டாக்டர். தையல் மெஷினுக்குப் போர்வை போர்த்திவிட்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. அந்த ஆளை இந்தக் கட்டிடத்தை விட்டுத் துரத்தாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கார் நிறுத்துமிடத்தில் கூட்டம் போட்டோம். குரூப்பில் வந்த படங்களை மட்டும் கட்டம் கட்டமாகக் காட்டும் பக்கம் ஒன்று போனில் உண்டு. அதிலிருந்து பத்தொன்பதையும் பொறுக்கி, ஆஸ்பத்திரி பிரிண்டரில் அச்சடித்து, தேதி எழுதி எடுத்துப் போயிருந்தேன். ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்தேன்.

"சுவர் விழப்போகுதான்னு பாக்கத்தான் இவரை வெச்சிருக்கோம். இவர் மூணு மாசம் அதை ரசிச்சிருக்காரு" என்றேன். நன்றாகத்தான் பேசினேன். நாலு பேர் தலையாட்டினார்கள்.

தலைவர் முதல் மாடிக்காரர், பஸ் டிப்போவில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் ஒழுங்காக விசாரிக்க வேண்டும் அவருக்கு. "இந்தக் கசிவைப் பத்தி நீங்க யார்கிட்டயாவது சொன்னீங்களா? ஒரு தடவையாவது?" என்று கேட்டார்.

வானவில் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். விரலால் தள்ளித் தள்ளி எதையோ தேடினார். இந்த நேரத்திலும் காட்டுவதற்கு இன்னொரு படம் வைத்திருக்கிறார் பார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓரிடத்தில் விரல் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"இல்லைங்க. அழகா இருந்துச்சு. அதான் எடுத்தேன்."

"ஏதோ தேடினீங்களே, அதைச் சொல்லித் தொலைங்களேன்" என்றார் அவர் மனைவி.

"ஒண்ணுமில்ல. நீ சும்மா இரு."

கை தூக்கச் சொன்னார் தலைவர். எல்லாருக்கும் முன்னால் என் கைதான் எழுந்தது. மாதக் கடைசிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும் என்று முடிவாயிற்று.

கடைசி நாள் காலையில் சாவிகளைக் கொடுக்க வீட்டுக்கு வந்தார். இருபத்தாறு சாவி, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நிறத்தில் நூல். மோட்டார் அறைக்கு நீலம், மொட்டைமாடிக்கு மஞ்சள். இதற்கெல்லாம் நேரம் இருந்திருக்கிறது என்று மனசுக்குள் கறுவிக்கொண்டே வாங்கினேன்.

அக்காவைப் பார்த்து, "தோள் தேவலையாம்மா?" என்றார்.

"பரவாயில்லைங்க. இன்னும் ரெண்டு மாசம்னு சொல்றாங்க."

"தினமும் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். இப்படி ஆயிடும்னு தெரிஞ்சிருந்தா கத்தியிருப்பேன். தப்பு என்னுதுதான்மா."

அக்கா கதவு வரை போய் வழியனுப்பினாள். அவர் போன பிறகு, "பாவம்" என்றாள். "உன் எலும்பு ஒடிஞ்சுருக்கு, நீ அந்த ஆளுக்குப் பாவம் பாக்கற" என்று எரிந்து விழுந்துவிட்டு, அவரைக் குரூப்பிலிருந்து நீக்கப் போனை எடுத்தேன். நீக்குவதற்கு முன், அந்தக் கறைப் படங்களை ஒரு முறை பார்க்கத் தோன்றியது. இந்தத் தடவை கட்டம் கட்டமாக அல்ல, வந்த வரிசையில், கீழே இருந்த எழுத்தோடு.

பதினான்காவது படம். அதற்குக் கீழே தனியாக எழுதியிருந்தார். "செயலாளர் அம்மா, இந்த இடம் உப்பிக்கிட்டு வருது. தட்டினா டொக்குன்னு சத்தம் கேக்குது. கொத்தனாரை வெச்சு ஒருதரம் பாத்தா நல்லது."

அதற்கு அடுத்த வரி என்னுடையது. "அருமை."

அதற்குப் பிறகு வந்த ஐந்து படங்களுக்குக் கீழே ஒரு எழுத்தும் இல்லை. செயலாளரே அருமை என்று சொல்லிவிட்ட சுவரைப் பற்றி அவர் மேற்கொண்டு யாரிடம் என்ன சொல்வது? கூட்டத்தில் அவர் தேடி நிறுத்தியது இதைத்தான். என் அக்கா முன்னால், நாற்பது பேர் முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்காமல் விட்டிருக்கிறார். இரக்கப்பட்டு விட்டாரா, இவளிடம் என்ன பேச்சு என்று விட்டாரா, தெரியவில்லை. இரண்டாவதாக இருந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. இத்தனை நாள் நான் அவரைப் பார்த்த பார்வை எனக்குத்தான் பொருந்தும்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகும் நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த "அருமை"யை அழிக்க முடியுமா என்று பார்த்தேன். நாளாகிவிட்டதாம், எல்லார் போனிலிருந்தும் அழிக்க முடியாதாம். அவரை நீக்கினேன். நீங்கள் இவரை நீக்கினீர்கள் என்று ஒரு வரி வந்தது.

அக்கா பால்கனியில் நின்றிருந்தாள். கீழே சின்ன வண்டியில் அவர்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"வண்டியை விட்டுட்டுக் கீழ நின்னு நம்ம பால்கனியைப் போட்டோ எடுக்கறாரு. வெயில் நல்லா விழுது போல" என்றாள். "நீயும் கொஞ்சம் வெளிய வாயேன்."

"நீயே நில்லு. எனக்கு வேலை இருக்கு" என்றேன்.

வேலை ஒன்றும் இல்லை. அந்தப் படத்தில் போய் நிற்க எனக்கு முகம் இல்லை. வண்டி கிளம்பும் சத்தம் கேட்கும் வரை கதவுக்குப் பின்னாலேயே நின்றேன்.