கரித்தோலில் ஒரு மோதிர விரல்

நான் கோபக்காரிதான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறைப்பட்டுக்கொள்ள வேண்டாம்.

தென்காசியிலிருந்து செங்கோட்டை போகும் சாலையில் ஒரு சின்னத் தொழிற்கூடம். அங்கே எனக்கு உலை வேலை. உலோகம் உருக்கும் கிராஃபைட் கிண்ணங்களை உலைக்குள் அடுக்கி, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, கடும் சூட்டில் மீத்தேன் வாயுவை விடுவோம். வாயு சிதைந்து, அதிலுள்ள கரி கிண்ணத்தின் மேல் கெட்டித் தோலாகப் படியும். தோல் இல்லாவிட்டால் கிராஃபைட் பொடி உதிர்ந்து உலோகத்தில் கலந்துவிடும்.

குற்றாலத்தில் சீசன் தொடங்கிய வாரம், கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் முதல் ஆர்டராகப் பன்னிரண்டு கிண்ணங்கள் கொடுத்தார். பூச்சு முடிந்து உலையைத் திறந்தால் பன்னிரண்டிலும் தோல் கொப்புளித்திருந்தது.

முதலாளி அண்ணாச்சி என்னைத்தான் பார்த்தார். "சாரல் நேரத்துல சரியாக் காய வைக்காம ஏத்திட்டியேம்மா! ஈரம் குடிச்சிருக்கும். அவர்ட்ட அப்படித்தான் சொல்லப் போறேன். நீ கொஞ்ச நாளைக்கு வீட்ல இரு."

கொஞ்ச நாள் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? எனக்கு முன் உலை பார்த்தவரும் அப்படிக் கொஞ்ச நாளைக்குத்தான் வீட்டுக்குப் போனார். வீட்டில் எல்லோரும் அருவிக்குக் கிளம்பியபோது, நான் போகாமல் பகல் முழுக்க இந்தக் கிண்ணங்களைச் சூட்டில் காயவிட்டுக் காவல் இருந்தவள்.

"போக மாட்டேன் அண்ணாச்சி" என்றேன்.

கிண்ணங்களை மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஈரமென்றால் கண்ட இடத்திலெல்லாம் கொப்புளிக்கும். இங்கே கிண்ணத்துக்கு ஒரே ஒரு கொப்புளம், அதுவும் எல்லாவற்றிலும் விளிம்புக்குச் சற்றுக் கீழே. அப்போதுதான் உறைத்தது. முதல் ஆர்டர் என்று, உலையில் ஏற்றிய அன்று காலையில் பூஜை போட்டிருந்தோம். அண்ணாச்சி பக்தியாக ஒவ்வொரு கிண்ணத்துக்கும் குங்குமம் வைத்தார். நானும் கும்பிட்டுவிட்டு, துணியால் துடைத்துத்தான் ஏற்றினேன். அதற்குள் கிராஃபைட்டின் நுண்துளைகள் குங்குமத்திலிருந்த சுண்ணாம்பைக் குடித்துவிட்டிருக்கின்றன. சூட்டில் அதுதான் தோலைத் தூக்கிவிட்டிருக்கிறது.

கோயம்புத்தூர்க்காரர் வந்ததும் அவர் முன்னாலேயே கேட்டேன். "அண்ணாச்சி, பூஜையில குங்குமம் வச்ச உங்க மோதிர விரல இந்தக் கொப்புளத்து மேல வைங்க."

"என்னம்மா பேசுத?"

"வச்சுப் பாருங்க. அப்புறம் என்னைய அனுப்புங்க."

வைத்தார். அச்சாகப் பொருந்தியது. அடுத்ததில் வைத்தார், அதிலும். மூன்றாவதற்குக் கை போகவில்லை.

வந்தவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "தொடைச்சாப் போயிரும்னு நெனச்சது என் தப்பு. அத ஒத்துக்கிடுதேன். நான் காய வைக்கலன்னு நீங்க சொன்னது பொய். அத நீங்க ஒத்துக்கிடணும்."

அண்ணாச்சி கிண்ணங்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தார். கோயம்புத்தூர்க்காரர்தான், "இந்தம்மா ஏத்துறதா இருந்தா இன்னொரு பன்னெண்டு அனுப்புறேன்" என்றார்.

கிண்ணங்கள் வந்தன. மறுபடி பூஜை. அண்ணாச்சி குங்குமச் சிமிழோடு என் பக்கத்தில் வந்து நின்றார். "எங்கனம்மா வைக்க?"

"உலைக் கதவுல வைங்க. வெளிப்பக்கம்."

வைத்தார். இந்த முறை ஒரு கொப்புளம்கூடக் கிடையாது. வேலையும் என்னிடமே இருக்கிறது. 'நான் சொன்னது தப்புதாம்மா' என்று மட்டும் அவர் இன்னும் சொல்லவில்லை. கேட்காமல் விடுவேனா?