மாட்டுங்கா வழியாக

அந்த வரைபடத்தை முழுதாக விரித்தால் எங்கள் கூடத்தில் பாதியை அடைத்துக்கொள்ளும். மடித்த இடமெல்லாம் மேடு கட்டி எழும்பும் அதன் மூலைகளில் அம்மா கைக்கு அகப்பட்டதை வைப்பாள். ஒன்றில் அரிசி அளக்கும் ஆழாக்கு, ஒன்றில் ஊறுகாய் ஜாடியின் மூடி, இன்னொன்றில் தம்பியின் மர லாரி. மிச்சமிருக்கும் மூலையில் நான் உட்கார்ந்துகொள்வேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு ஆகி, சமையலறை கழுவிவிட்ட ஈரம் காய்வதற்குள் அப்பா அதன் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்திருப்பார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஆள்காட்டி விரலைக் கடலோரத்தில் வைப்பார். "இதோ பார், இதுதான் கேட்வே. இங்கேயிருந்து பார்த்தா கப்பல் தெரியுமாம்." ஸ்ரீரங்கத்து உத்தர வீதியில் வெயிலுக்குப் பயந்து நாய்கூடப் படுத்துக் கிடக்கும். நாங்கள் நாலு பேரும் பம்பாயில் இருப்போம்.

எழுபதுகளின் கடைசி வருஷங்கள் அவை. அப்பா ஜங்ஷன் பக்கத்தில் ஓர் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்தார். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ், திரும்பி வந்து கால் அலம்பிக்கொண்டு பெருமாள் சேவித்துவிட்டு வந்தால் அவருடைய நாள் முடிந்தது. தஞ்சாவூருக்குக் கல்யாணத்துக்குப் போனால்கூட இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார். வேற்று ஊரில் அவருக்குத் தூக்கம் வராது. அப்படிப்பட்டவர் ஒருநாள் மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டே, யாரையும் பார்க்காமல், "கோடை லீவுக்குப் பம்பாய் போயிட்டு வரலாமா? குழந்தைகள் பெரிய ஊர் எதையும் பார்த்ததில்லையே" என்றார். அம்மா கரண்டியோடு நின்றுவிட்டாள். மெட்ராஸ் என்று சொல்லியிருந்தால் அவள் அப்படி நின்றிருக்க மாட்டாள். பம்பாயில்தான் சித்தப்பா இருந்தார்.

சித்தப்பாவைப் பற்றி எங்கள் வீட்டில் பேசுவதில்லை. அப்பாவைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். தாத்தா இறந்தபோது சித்தப்பாவுக்கு நடக்கத் தெரியும், பேசத் தெரியாது என்பாள் அம்மா. அவருக்குக் கையைப் பிடித்து எழுதப் பழக்கியதும், காவிரியில் அம்மா மண்டபத்துப் படித்துறையில் வயிற்றுக்கடியில் கை கொடுத்து நீந்தப் பழக்கியதும் அப்பாதான். அம்மா கல்யாணமாகி வந்தபோது, "எனக்கு ஏற்கெனவே ஒரு பிள்ளை இருக்கான்" என்று சொல்லித்தான் அவரை அறிமுகம் செய்தாராம். சித்தப்பா படித்து முடித்துத் திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். போய்வரும் பஸ்ஸில் ஒரு கிறிஸ்தவப் பெண்ணோடு பழக்கமாயிற்று. பள்ளிக்கூடத்தில் டீச்சர். கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று வந்து நின்றபோது அப்பா கத்தவில்லை. "உன் இஷ்டம். ஆனா இந்த ஆத்துல இனிமே உன் பேரை யாரும் எடுக்கப்படாது" என்றார். சித்தப்பா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதன் பிறகு அவர்கள் இரண்டு பேரும் பம்பாய் போய்விட்டார்கள் என்று தெரிந்தது. கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த குடும்பப் படமும் அலமாரிக்குள் போயிற்று.

இப்போது அப்பா தெப்பக்குளம் பக்கத்துப் புத்தகக் கடை ஒன்றில் தேடிப் பிடித்து அந்த வரைபடத்தை வாங்கி வந்திருந்தார். கூட வேலை பார்த்த ஒருவர் பம்பாயில் சில காலம் இருந்தவராம். அவரிடம் கேட்டு வந்ததையெல்லாம் அப்பா எங்களுக்கு ஒப்பிப்பார். மலைமேல் தோட்டம் இருக்கிறது, அதில் செடியையே யானை மாதிரி வெட்டி வைத்திருக்கிறார்கள். கண்ணாடித் தொட்டிக்குள் கடல் மீன் நீந்தும் ஒரு கட்டிடம் இருக்கிறது. மாடி பஸ்ஸில் மேலே ஏறி முன்வரிசையில் உட்கார்ந்தால் ஊரையே ஓட்டிக்கொண்டு போவது போலிருக்குமாம். தம்பி உடனே மேல்மாடி எனக்கு என்பான். கிழமைவாரியாகப் பயணத்தைப் பிரிப்பதில் நாங்கள் சண்டை போட்டோம். அம்மாவுக்கு மகாலட்சுமி கோயில் முதலில் வேண்டும், எனக்குக் கப்பல்.

எப்படிப் பிரித்தாலும் ஒன்று மட்டும் மாறவில்லை. வடக்கே போனாலும் தெற்கே போனாலும் அப்பாவின் விரல் திரும்பி வரும்போது மாட்டுங்கா என்ற இடத்தின் வழியாகத்தான் வரும். அங்கே நிற்காது. கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான்.

"ஏன்னா, எதுக்கு அங்கே சுத்திண்டு?" என்று அம்மா ஒருநாள் கேட்டாள்.

"அந்தப் பக்கம்தான் நம்ம மாதிரி காப்பி கிடைக்குமாம்" என்றார் அப்பா.

அம்மா தலையைக் குனிந்துகொண்டு வரைபடத்தின் சுருக்கத்தை நீவிவிட்டாள். அவளுக்கு மாட்டுங்காவில் யார் இருக்கிறார்கள் என்று தெரியும். எனக்கும் தெரியும். காந்தி மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்று அவள் கிளம்பும் நாட்களில் சில நாள் என்னையும் அழைத்துப் போவாள். மார்க்கெட்டுக்குப் போகுமுன் மேலப்புதூரில் ஒரு சின்ன வீட்டுக்குப் போவோம். சித்தியின் அம்மா அங்கே இருந்தார். "வாங்க, வாங்க, உள்ள வந்து உட்காருங்க" என்று நாற்காலியை முந்தானையால் துடைப்பார். எனக்கு பிஸ்கட் கொடுப்பார். மாதா படத்துக்குப் பக்கத்தில் செருகி வைத்திருந்த ஒரு போட்டோவை எடுத்துக் காட்டுவார். அதில் சித்தப்பாவின் மூக்கோடு ஒரு குழந்தை. அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டேயிருப்பாள். திரும்பி வரும்போது, "ஆத்துல சொல்லிடாதே" என்பாள். நான் சொன்னதில்லை.

பயணம் நெருங்கியபோது அம்மா டிரங்குப் பெட்டியை இறக்கி அடுக்கத் தொடங்கினாள். ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் எதற்கு அத்தனை நார்த்தங்காய் எடுத்துப்போக வேண்டும் என்று அப்பா கேட்கவில்லை. சித்தப்பாவுக்கு மோர் சாதத்துக்கு அது இல்லாமல் முடியாது. ஜவ்வரிசி வடாமும் ஒரு டின் நிறையப் போயிற்று. கடைசியாகப் பெரிய கடைவீதியில் வாங்கிய ஒரு மஞ்சள் கவுனைத் துணிகளுக்கு அடியில் வைத்தாள். பெட்டி மூடுகிறதா என்று பார்க்க வந்த அப்பா எல்லாவற்றையும் எடுத்து மறுபடி அடுக்கினார். கவுன் வெளியே வந்தது. இரண்டு விரலால் தோளில் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்.

"இது யாருக்கு?"

"அங்கே தெரிஞ்சவா ஆத்துல ஏதாவது குழந்தை இருந்தா கொடுக்கலாமேன்னு" என்றாள் அம்மா.

அப்பா கவுனைத் தன் முழங்கையோடு வைத்து அளந்து பார்த்தார். "மூணு வயசுக் குழந்தைக்கு இது பத்தாதேடி. நாளைக்குப் போய் ஒரு சைஸ் பெரிசா மாத்திண்டு வா" என்று சொல்லிவிட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போனார்.

அம்மா பெட்டிக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். நான் சொல்லவில்லை என்று தலையை ஆட்டினேன். கொல்லையில் கிணற்று ராட்டினம் வெகுநேரம் கிறீச்சிட்டது. தொட்டி ஏற்கெனவே நிறைந்துதான் இருந்தது.

மெட்ராஸ் போய், அங்கே வண்டி மாறி, கரிப்புகையும் புளியோதரையும் மணக்க நாங்கள் பம்பாய் போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் அப்பா வரைபடத்தை மடியிலேயே வைத்திருந்தார். தாதர் ஸ்டேஷனில் இறங்கியதும் கூட்டம் எங்களை இடித்துத் தள்ளியது. தம்பி அழ ஆரம்பித்தான். "முதல்ல டாக்ஸி எங்கேன்னு விசாரிக்கணும்" என்று அப்பா யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். சொல்லும்போதே அவர் பார்வை கூட்டத்துக்குள் தேடிக்கொண்டிருந்தது.

தூண் பக்கத்தில் சித்தப்பா நின்றிருந்தார். மேலப்புதூரிலிருந்து தகவல் போயிருக்கிறது. முன்னைவிட மெலிந்து, அப்பா மாதிரியே கண்ணாடி போட்டுக்கொண்டு, கிட்டே வரலாமா என்று தெரியாமல் நின்றார். பிறகு இரண்டே எட்டில் வந்து, அத்தனை ஜனங்களுக்கு நடுவில், எச்சிலும் தூசியுமாகக் கிடந்த அந்தப் பிளாட்பாரத்தில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து சேவித்தார். மூட்டை தூக்குகிறவர்கள் விலகி நின்று பார்த்தார்கள். அப்பா குனிந்து அவர் தோளைத் தொட்டார்.

"எழுந்திருடா. சட்டையெல்லாம் அழுக்காறது பார்."

இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவர் தம்பியிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். சித்தப்பா எழுந்ததும் அவர் சட்டையில் ஒட்டியிருந்த தூசியை அப்பா தட்டிக்கொண்டேயிருந்தார். தூசியெல்லாம் போன பிறகும் தட்டினார்.

மாட்டுங்காவில் மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. சித்தி வாசலிலேயே நின்றிருந்தாள். அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு போட்டோவில் பார்த்த குழந்தை. எங்களை உட்காரச் சொல்லிவிட்டுச் சித்தி தயங்கித் தயங்கி, "சமையலுக்குப் பக்கத்து வீட்டு மாமியை வரச் சொல்லியிருக்கேங்க. காப்பியும் அவங்களே போட்டுடுவாங்க. நான் அந்தப் பக்கமே போகலை" என்றாள். சித்தப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எங்கள் வீட்டில் வெளியார் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காதவர் அப்பா. ஆபீசுக்கும் கூஜாவில் காப்பி எடுத்துப் போகிறவர். அம்மா அவர் முகத்தையே பார்த்தாள். அப்பா சித்தியின் பக்கம் திரும்பினார்.

"மாமி எதுக்கும்மா? இத்தனை வருஷமா அவன் யார் கையால சாப்பிட்டான்? நீயே காப்பியைப் போடு."

சித்தி உள்ளே போனாள். பாத்திரம் எடுக்கும் சத்தம் வரக் கொஞ்சம் நேரமாயிற்று. அவள் அங்கே நின்று அழுகிறாள் என்று எனக்கே தெரிந்தது. அம்மா எழுந்து பின்னால் போனாள். சற்று நேரத்தில் இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. மேலப்புதூர் வீட்டுக்கு மாதம் ஒருநாள் அப்பாவும் போய்வந்துகொண்டிருந்தார் என்ற விஷயத்தைச் சித்தி அப்போதுதான் அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறாள். அப்பா, அம்மா இரண்டு பேருமே "ஆத்துல தெரிய வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டதால் சித்தியின் அம்மா இருவரிடமும் மூச்சுவிடவில்லையாம்.

எங்களுக்கு ஊரைக் காட்டுவதற்கென்றே சித்தப்பா லீவு போட்டிருந்தார். தினமும் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு, "கிளம்பலாமா அண்ணா?" என்பார். அப்பா சுவரில் சாய்ந்தபடி, "இரு, வெயில் தாழட்டும்" என்பார். வெயில் தாழ்ந்தபோது பேச்சு பாதியில் இருக்கும். எங்களுக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் சித்தி எங்களையும் அம்மாவையும் சௌபாத்திக் கடற்கரைக்கு அழைத்துப் போய் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தாள். பம்பாயில் நாங்கள் பார்த்தது அவ்வளவுதான். அப்பா அதையும் பார்க்கவில்லை. அந்த வீட்டைவிட்டு அவர் படி இறங்கியது ஊருக்குத் திரும்பி வருவதற்காகத்தான். ஊருக்கு வந்ததும் நான் கோபத்தில் அவரோடு பேசாமல் இருந்தேன். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. அலமாரியிலிருந்து குடும்பப் படத்தை எடுத்துத் துடைத்துச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தார்.

அப்பா, அம்மா, சித்தப்பா மூன்று பேரும் இப்போது இல்லை. நான் கே.கே. நகரில் இருக்கிறேன். தம்பி சிகாகோவில். தொண்ணூறுகளில் படிக்கப் போனவன் அங்கேயே தங்கிவிட்டான். எங்களுக்குள் ஒரு மனஸ்தாபமும் கிடையாது. பண்டிகைக்குப் போனில் பேசிக்கொள்வோம். "மழை பெய்யறதா? உடம்பு எப்படி?" அதற்குமேல் இரண்டு பக்கமும் சொல்ல எதுவும் இருக்காது. சமீபத்தில் அவன் வற்புறுத்தி என்னை வரவழைத்தான். வந்தவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஏரிக்கரை, மேகத்தைத் தொடுகிற கட்டிடம், ஆற்றில் படகு, பெரிய கோயில் என்று தினமும் காரில் ஏற்றிக்கொண்டு போனான். என்னை நிறுத்திப் போட்டோ எடுத்தான். சாயங்காலம் வீடு திரும்பும்போது இரண்டு பேருக்குமே பேசத் தெம்பிருக்காது. தலையணையில் தலை சாய்க்கும்போது எனக்கு அந்தக் கூடத்து நினைவுதான் வரும். ஊருக்குப் போகாமலே ஊரைப் பார்த்த அந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்கு ஒருமுறை திரும்பிப் போக முடிந்தால் போதும் என்றிருக்கும்.

நான் கிளம்பும் நாள் காலையில், விமானத்துக்கு முன்னால் ஒரு மியூசியத்தையும் பார்த்துவிடலாம் என்று அவன் கார் சாவியோடு நின்றான். நான் சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏன்க்கா, சின்ன வயசுல பம்பாய் போனோமே, அங்கே என்ன பார்த்தோம்?" என்றான்.

"உனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லையா?"

"அப்பா சிரிச்சது மட்டும் ஞாபகம் இருக்கு. கண்ணாடியைக் கழட்டிட்டு, கண்ணைத் துடைச்சுண்டு, விழுந்து விழுந்து சிரிச்சார். எதுக்குன்னு தெரியலை. அதுக்கப்புறம் அப்பா அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்லை."

எனக்குத் தெரியும். ஒரு சாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தேன். மாட்டுங்கா வீட்டில் அண்ணனும் தம்பியும் சொல்லிச் சிரித்த கதை அது. சின்ன வயசில் ஒருநாள் சித்தப்பா பள்ளிக்கூடத்துக்குப் போகாமல், வாழைத்தார் இறக்கிவிட்டுத் திரும்புகிற லாரியில் ஏறி ஒளிந்துகொண்டு தொட்டியம் போய்விட்டார். அப்பா அழுதுகொண்டே அவ்வளவு தூரமும் சைக்கிள் மிதித்துத் தேடிப் போனார். அங்கே ஒரு மண்டிக்காரர் வீட்டில், வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வாழைச் சருகின் மேல் படுத்து நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார் சித்தப்பா. எழுப்பியதும், "ஊர் சுத்திப் பார்க்க வந்தேன் அண்ணா" என்றாராம்.

தம்பி சிரிக்கத் தொடங்கினான். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். மியூசியத்துக்கு நேரமாகிறதே என்றேன்.

"அது கிடக்கட்டும்" என்று சாவியை மேஜைமேல் வைத்தான். "நீ சொல்லு."