பதிப்பாளர் சேர்த்த ‘ங்க’

“நம்மூர்ல இதெல்லாம் நடக்குமுங்களா? படிக்கற புள்ளைங்க நம்போணுமில்லீங்க?”

என் நாவலின் கையெழுத்துப் பிரதியை பேக்கரி மேசையில் வைத்துவிட்டுப் பதிப்பாளர் இப்படிக் கேட்டார். இளையோருக்கான நாவல் அது. பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள், ஒருத்தி இந்த ஊர்க்காரி, மற்றவள் ஒடிசாவிலிருந்து வந்தவள், ஒருவரையொருவர் காதலிக்கிறார்கள். அவ்வளவுதான் கதை.

இப்படிப்பட்ட கதைகளைக் கல்லூரி நூலகத்தில் ஆங்கிலத்தில் படித்திருக்கிறேன். பனி பெய்யும் ஊர்களில் காபி குடித்தபடியே அந்தப் பெண்கள் தாங்கள் யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அவர்களை எனக்குப் பிடிக்கும். ஆனால் ஒருத்திக்கும் ஷிப்ட் முடியக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒருத்தியிடமும் ‘நீங்க என்ன ஆளுங்க’ என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். நூலகத்தில் இல்லாததை நானே எழுதிவிடலாம் என்கிற திமிர் எனக்கு உண்டு.

“அந்த ஒடிசாப் புள்ளைய ஒரு பையனா மாத்தீட்டா சுளுவா முடிஞ்சிருமுங்க” என்றார் பதிப்பாளர்.

“ஒடிசாப் பையன்னா ஊரே சண்டைக்கு வருமுங்களே.”

யோசித்தார். “அதுஞ் செரிதான். தாராபுரத்துப் பையன்?”

“என்ன ஆளுங்கன்னு கேப்பாங்களே.”

பப்ஸ் தட்டைத் தள்ளி வைத்தார். “பொண்ணாவே இருக்கட்டுமுங்க.”

பிரதியைப் புரட்டினேன். சிவப்பு மையில் அங்கங்கே திருத்தியிருந்தார். ஒடிசாப் பெண் தேநீரை நீட்டி “குடி” என்று சொல்லும் இடத்தில், ஒரு ‘ங்க’ சேர்த்து ‘குடிங்க’ ஆக்கியிருந்தார்.

அந்தக் காட்சி கற்பனையல்ல. நான் கம்பெனி ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தபோது, ஒடிசாவிலிருந்து வந்திருந்த அவள் ஓவர்லாக் தையல் மிஷினில் இருந்தாள். தைத்த பனியனைச் சரிபார்க்கும் செக்கிங் அக்காக்களிடம் தமிழ் கற்றதால், ‘ங்க’ இல்லாமல் தமிழே இல்லை என்று நினைத்திருந்தாள். கம்பெனி கேட்டில் படுத்திருக்கும் நாயிடம் “தள்ளிப் போங்க” என்பாள். நூல் அறுந்தால் மிஷினிடம் “நில்லுங்க” என்பாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

“யாருக்கு ‘ங்க’ வேண்டாமுங்க?” என்று ஒருநாள் கேட்டாள்.

“சாமிக்கு, நாய்க்கு, அப்பறம் ரொம்ப வேண்டப்பட்டவங்களுக்கு” என்றேன்.

நான்கு நாள் கழித்து, தேநீர் இடைவேளையில் என் முன்னால் வந்து டம்ளரை நீட்டி, “குடி” என்றாள்.

செக்கிங் அக்கா பதறிவிட்டார். “ஏ புள்ள, ஆபீஸ் அம்மணிகிட்டப் பேசற பேச்சா இது? மரியாதையாச் சொல்லு!”

“தெரிஞ்சுதான் சொன்னேனுங்க்கா” என்றாள் அவள், என்னைப் பார்த்தபடி. பாதித் தேநீரை சாம்பிள் பனியன் மேல் ஊற்றிக்கொண்டேன். இப்போது வேலம்பாளையத்தில் ஒரே அறையில் இருக்கிறோம்.

இதில் பாதியைத்தான் பதிப்பாளரிடம் சொன்னேன். அவர் சிவப்புத் திருத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப நாந்தான் காதல அழிச்சுப்போட்டனுங்களா?”

“ரெண்டே எழுத்துலீங்க.”

“என்ற ஊட்டுக்காரி இருவது வருசமா எனக்கு ‘ங்க’ போட்டுத்தான் பேசறா.”

“அது வேற நாவலுங்க. நீங்கதான் எழுதோணும்.”

சிரித்தார். தன் திருத்தத்தைத் தானே அடித்தார். புத்தகம் போடுவதாகவும் சொன்னார், ஆனால் என் பெயரில் இல்லை, ஒரு புனைபெயரில். “ஊட்டுல தெரிஞ்சா உங்களுக்குத்தான் சங்கடமுங்க.”

“எங்க ஊட்டுல எழுத்துக் கூட்டறவங்களே இல்லீங்க” என்று வேடிக்கையாகச் சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும் வேடிக்கை போய்விட்டது. அம்மாவால் படிக்க முடியாது. ஆனால் படித்த யாராவது போய் அவளிடம் சொல்வார்கள், அவர்களுடைய வார்த்தைகளில். நான் வேறு பெயருக்குள் ஒளிந்திருந்தால், அந்த வார்த்தைகள் இன்னும் மோசமாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா இருக்கும் கொமரலிங்கம் போனேன். அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து முதல் மூன்று அத்தியாயங்களையும் சத்தமாகப் படித்தேன். மிஷினிடம் பேசும் இடத்தில் சிரித்தாள். ‘குடி’ வந்தபோது கத்தி நின்றது.

“இது உன்ற ரூம்ல இருக்கற புள்ளைதான?”

“ஆமாம்மா.”

“இன்னொண்ணு நீயா?”

“ஆமாம்மா.”

அம்மா மறுபடியும் காயை நறுக்க ஆரம்பித்தாள். தாளை மடியில் வைத்துக்கொண்டேன்.

“ஏங்கண்ணு, மூணு பாகம் படிச்சுட்ட. அந்தப் புள்ளைக்கு ஒருவாய் சோறு போட்டயா நீ? வெறும் டீயாவே குடிச்சுட்டுக் கெடக்குது” என்றாள் அம்மா.

அது சம்மதமா, பேச்சைத் தள்ளிப்போடுவதா என்று எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் கிளம்பும்போது இரண்டு பேருக்கு ஆகும் அளவு பொரியலை டப்பாவில் அடைத்துக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை காலை, பதிப்பாளர் கொடுத்திருந்த ஒப்பந்தத்தில் ஆசிரியர் பெயர் என்று இருந்த இடத்தில் என் சொந்தப் பெயரை எழுதி, கையெழுத்துப் போட்டு, அவருக்கு அனுப்பிவிட்டேன்.