கேசரி என்று நான் வாசித்த பலகை

என் மக்களே, உங்கள் அப்பன் ஒரு கோழை. கூட வந்த சிநேகிதனைப் பார்த்து, "இவனை எனக்குத் தெரியாது" என்று நாலு பேர் முன்னால் சொன்னவன்.

சொன்ன இடம் கோர்ட்டு அல்ல, போலீஸ் ஸ்டேஷன் அல்ல. மதுரையில் ஒரு காபி ஹோட்டல். கையில் பாதிக் காபி இருந்தது…

அந்தச் சிநேகிதனை நீங்களும் அறிவீர்கள். சடையன்தான். புளியமரத்தில் உங்களுக்கு ஊஞ்சல் கட்டிக் கொடுத்தவன். நம் வாசலோடு நின்றுவிடுகிறவன். அவன் ஏன் உள்ளே வருவதில்லை என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் நான் பேச்சை மாற்றினேன். இன்று மாற்றப்போவதில்லை.

எனக்குக் கல்யாணம் ஆகாத காலம் அது. எழுமலையிலிருந்து பருத்திப் பொதி ஏற்றிக்கொண்டு இரண்டு மாட்டு வண்டிகள் மதுரைக்குப் போகும். முன் வண்டி எனக்கு, பின் வண்டி சடையனுக்கு. நம் காட்டில் கூலி வேலை செய்த குடும்பத்துப் பிள்ளை அவன். நம் ஊர்க் காபிக் கடையில் அவன் வெளியே நிற்க வேண்டும். அவர்களுக்கென்று தனியாக வைத்த டம்ளரில் குடிக்க வேண்டும். குடித்ததைத் தானே கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். அதில் ஒரு தப்பு இருப்பதாக எனக்கு அப்போது தோன்றியதே இல்லை! ஆனாலும் ஊரார் கண் படாத நேரங்களில் கண்மாயில் ஒன்றாக நீந்தி வளர்ந்தவர்கள் நாங்கள்.

அந்த ஹோட்டலுக்கு நான் முன்பு ஒருமுறை போயிருந்தேன். பளிங்கு மேசை, ஆளுயரக் கண்ணாடி, பாடுகிற பெட்டி… வழியெல்லாம் அதையே அளந்துகொண்டு வந்தேன்.

"சும்மா புளுகாதீக சின்னய்யா. பெட்டி எப்படிப் பாடும்?" என்றான் சடையன்.

"நீயே வந்து பாரு. பட்டணத்துல யாருக்கு யாரைத் தெரியும்? ஆனா உள்ள வந்து சின்னய்யான்னு வாயைத் திறந்துராத. மாப்ளன்னு கூப்பிடணும்."

"ஆத்தாடி! உங்க அய்யா காதுல விழுந்துச்சு, என் தோலை உரிச்சு வண்டிக்குப் பட்டை போட்டுருவாரு."

சொன்னானே ஒழிய, அதற்கப்புறம் மதுரை வரைக்கும் மாட்டிடம் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தான். "நட மாப்ள! இன்னும் இம்புட்டுத் தூரந்தான் மாப்ள! என்ன மாப்ள, மொறைக்கிற?" நான் சிரித்துச் சிரித்து வண்டியிலிருந்து விழப் பார்த்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது…

பொதியை இறக்கிவிட்டு, வண்டிப்பேட்டையில் மாடுகளை அவிழ்த்துக் கட்டினோம். என்னிடம் இருந்த வெள்ளைச் சட்டையை அவனுக்குக் கொடுத்தேன். வெயில் சாயும் நேரம். கோபுரத்தின் மேல் புறாக்கள் சுற்றின. மல்லிகையும் காபிக்கொட்டை வறுக்கும் வாசனையும் கலந்து தெருவே லேசாக மிதப்பது போலிருந்தது. நாங்களும் மிதந்தோம். அது மாலை டிபன் நேரம். குமாஸ்தாக்களும் வியாபாரிகளும் ஹோட்டலுக்குள் சாரிசாரியாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

வாசலில் ஒரு பலகை தொங்கியது. சடையனுக்கு எழுத்துத் தெரியாது.

"என்ன மாப்ள எழுதியிருக்கு?" என்றான்.

இன்ன சாதியார் உள்ளே வரக்கூடாது என்று எழுதியிருந்தது. நான் வாசித்தேன்: "சூடா கேசரி கிடைக்கும்னு போட்டிருக்கு."

"அப்ப அதையும் வாங்கு மாப்ள!"

ஏன் பொய் சொன்னேன்? அவனுடைய சந்தோஷத்துக்காகவா? என் வீரத்துக்காகவா? இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்… உண்மையை வாசித்திருந்தால் அவன் திரும்பிப் போயிருப்பான். அந்த உரிமையையும் நான் அவனுக்குக் கொடுக்கவில்லை.

உள்ளே உட்கார்ந்தோம். பெட்டி பாடியது. எதிர்ச் சுவரின் கண்ணாடியில் தன்னை முழுசாகப் பார்த்தான் சடையன். "அது நானா மாப்ள?" என்று மெதுவாகக் கேட்டான். கேசரியில் நெய் மினுங்கியது. அவன் கண்ணை மூடிக்கொண்டு தின்றான். கனவில் தின்பவனைப் போல… அந்த ஒரு நாழிகை, சத்தியமாகச் சொல்கிறேன், உலகத்தில் எனக்கு அவனைவிட நெருங்கியவன் யாருமில்லை.

காபி வந்தது. அவன் முதலில் குடித்து முடித்தான். முடித்ததும், என்ன செய்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல், டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தான். கை கழுவும் குழாயடிக்குப் போனான். டம்ளரை நன்றாகத் தேய்த்துக் கழுவினான். சுவரோரமாகக் கவிழ்த்து வைத்தான்.

பிறந்ததிலிருந்து கை பழகிய வேலை அல்லவா? சட்டையை மாற்றத் தெரிந்த எனக்கு அந்தக் கையை நினைக்கத் தோன்றவில்லையே!

பெட்டியைத் தவிர எல்லாம் அமைதியாயிற்று.

"நில்லுடா! எந்த ஊர்டா நீ? என்ன ஆளு?" கல்லாவில் இருந்தவர் எழுந்து வந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இவன் உம்ம கூட வந்தவனா?"

சடையன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். 'மாப்ள' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் மாட்டியிருப்பேன். அவன் வாயைத் திறக்கவில்லை.

நான்தான் திறந்தேன். "இவனை எனக்குத் தெரியாதுங்க. எடம் இல்லாம பக்கத்துல வந்து உட்கார்ந்தான்."

பிடரியில் கை வைத்து அவனைத் தெருவில் தள்ளினார்கள். அவன் கழுவி வைத்த டம்ளரையும் பின்னாலேயே எறிந்தார்கள். அது உருண்டு போன சத்தம்…

நான் என்ன செய்தேன்? மீதிக் காபியைக் குடித்தேன், மக்களே! பாதியில் எழுந்தால் சந்தேகப்படுவார்கள் என்று குடித்து முடித்தேன். அது இனித்தது. அந்த இனிப்பைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

வண்டிப்பேட்டைக்குத் திரும்பியபோது என் சட்டை மடித்து வண்டியில் வைக்கப்பட்டிருந்தது. மண்ணைத் தட்டி, கசங்காமல் மடித்திருந்தான். அவன் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். உதடு கிழிந்திருந்தது. உசிலம்பட்டி தாண்டும் வரை அவன் மாட்டைக் கூட 'மாப்ள' என்று அதட்டவில்லை.

அப்புறம் பின் வண்டியிலிருந்து குரல் வந்தது.

"சின்னய்யா."

"ம்."

"அந்தப் பலகையில கேசரின்னா போட்டிருந்துச்சு?"

நான் மாட்டை விரட்டினேன். அன்று முதல் இன்றுவரை அதற்குப் பதில் சொல்லவில்லை. அவனும் மறுபடி கேட்டதில்லை.

மன்னிப்புக் கேட்டால் என்ன என்பீர்கள். கேட்டால், "அட, விடுங்க சின்னய்யா" என்று சிரித்துவிடுவான். அதுதான் பயம்! அன்று கண்ணாடியில் பார்த்து என்னைக் காப்பாற்றினான். இன்னொருமுறையும் அவனே என்னைக் காப்பாற்ற வேண்டுமா?

இப்போது அந்தப் பலகைகளை எடுத்துவிட்டார்கள். போன மாதம் மதுரைக்குப் போயிருந்தபோது, தனியாக அதே ஹோட்டலுக்குப் போனேன். அதே கண்ணாடி, ரசம் போய் மங்கியிருந்தது. கேசரி கேட்கவில்லை. ஒரு காபி மட்டும் குடித்தேன். பிறகு எழுந்து, டம்ளரை எடுத்துக்கொண்டு போய், குழாயடியில் தேய்த்துக் கழுவி, அவன் வைத்த அதே சுவரோரமாகக் கவிழ்த்து வைத்தேன்.

பரிமாறுகிறவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்னண்ணே, நாங்க எதுக்கு இருக்கோம்? ரொம்பச் சுத்தக்காரரா இருக்கீகளே!"

நான் எந்த ஊர், என்ன ஆள் என்று ஒருவரும் கேட்கவில்லை.