அனைத்தையும் மாற்றவா?

வீட்டில் கணினி வைத்துப் பிறருக்குத் தமிழ் தட்டச்சு செய்து கொடுப்பது, எழுதியவரின் பிழைகளுக்கும் இயந்திரத்தின் பிழைகளுக்கும் ஒரே ஆள் முகம் கொடுக்க வேண்டிய தொழில். இதில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. திரையில் மணற்கடிகாரம் நிற்க, வாடிக்கையாளரிடம் வெயிலைப் பற்றி எத்தனை முறை பேசியிருப்பீர்கள்!

பதினேழு ஆண்டுகள் பள்ளியில் இலக்கணம் கற்பித்து, விருப்ப ஓய்வு பெற்று, ஆரணியை ஒட்டிய சேவூரில் என் வீட்டு முன்னறையில் இத்தொழிலைத் தொடங்கினேன். கணினி வாங்கியது 1996இல். கீழே வருபவை அதன் எட்டாம் ஆண்டில் நிகழ்ந்தவை. அதை மேம்படுத்துவதா, அப்படியே விடுவதா என்று அவ்வாண்டு முழுவதும் ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

வாய் இல்லாத பெட்டி

முள்ளிப்பட்டிலிருந்து ஒரு பட்டு வியாபாரி வந்தார். முப்பது தறிகளுக்கு வேலை கொடுப்பவர். மகளின் திருமண அழைப்பிதழைச் சென்னையில் இருக்கும் மைத்துனர் அழகாக அமைத்து, ஒரு சிடியில் பதிந்து அனுப்பியிருந்தார். பெயர்களில் உள்ள பிழைகளை மட்டும் நான் திருத்தித் தர வேண்டும்.

என் கணினிக்கு ஃப்ளாப்பி நுழையும் மெல்லிய பிளவு ஒன்றுதான் உண்டு. அதைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. எழுந்து வந்து பெட்டியின் முன்புறம், பின்புறம், இரு பக்கங்கள் என முறையாகப் பார்வையிட்டார். சிடியை அந்தப் பிளவின்மேல் வைத்து அளந்தும் பார்த்தார். பிறகு அதைப் பத்திரமாக உறையில் இட்டுக்கொண்டு கேட்டார்:

“இம்மாம் பெரிய பொட்டி வச்சிகினு கீறீங்க, இந்தத் தட்டு போறதுக்கு ஒரு வாயி வெக்கலியா டீச்சர்?”

ஞாபகத்தை எண்ணுதல்

மூன்றாம் வீட்டு ராணி, மகனின் விடுதி விண்ணப்பத்தோடு வந்தார். தறி வேலையைப் பாதியில் விட்டு வந்தவர். ஆகவே நின்றபடியே இருந்தார். கணினியை இயக்கினேன். கறுப்புத் திரையில் எண்கள் ஓடத் தொடங்கின. என்ன எண்ணுகிறது என்று ராணி கேட்டார். தன் நினைவகம் எவ்வளவு என்று எண்ணுகிறது என்றேன். நேற்று எண்ணவில்லையா என்றார். நேற்றும் எண்ணியது, நாளையும் எண்ணும் என்றேன்.

எண்கள் நின்று, திரை நீலமாகி, மணற்கடிகாரம் தோன்றும்வரை பொறுத்திருந்துவிட்டு அவர் சொன்னது:

“தெனம் எண்ணிப் பாத்தாதான் ஞாபகம் கீதுன்னே அதுக்கு ஞாபகம் வருது. இதுக்குள்ள நான் நாலு தாரு நூலு சுத்திகினு வந்திருப்பேன்.”

எழுவாய் எது?

இவ்விருவரின் சொற்களும் உறுத்தவே, பஜாரில் கணினி பழுது பார்க்கும் சலீம் பாயை அழைத்தேன். அவர் பெட்டியைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்து, மிகுந்த மரியாதையோடு தீர்ப்பு வழங்கினார்.

“மெமரி டபுளா ஏத்தலாங்க. அதுக்கு மேல போர்டு தாங்காது.”

“போர்டை மாற்றினால்?”

“போர்டு மாத்தினா பிராசஸர் மாத்தணும். பிராசஸர் மாத்தினா பவர் சப்ளை பத்தாது. அது மாத்தினா கேபினெட்ல உக்காராது. மானிட்டர் இருக்கட்டும், அது ஒண்ணும் பேஜார் இல்ல.”

எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. ‘கணினி மேம்பட்டது’ என்னும் தொடரில் கணினி எழுவாய். பெட்டி முதல் உள்ளுறுப்புகள் வரை அனைத்தையும் மாற்றிவிட்டால், மேம்பட்டது என்று எதைச் சொல்வது? அத்தொடரில் எழுவாயாக எது எஞ்சியிருக்கும்? இதை நான் சற்று விரிவாகவே விளக்கினேன். சலீம் பாய் திருகாணிகளைத் திரும்ப முடுக்கியவாறே கேட்டார்:

“எழுவாய்ன்றது மவுஸுங்களா டீச்சர்? அது மாத்த வேணாம், நல்லாத்தான் இருக்கு.”

நின்றுபோன ஆய்வேடு

ஆராய்ச்சி அதோடு முடிந்திருக்கும். படவேட்டிலிருந்து கலைவாணி வராமல் இருந்திருந்தால். அவர் உயர்நிலைப் பள்ளி ஆசிரியை. முனைவர் பட்டத்திற்காக, இவ்வட்டாரத்தார் பேச்சில் ‘கொண்டு’ என்பது ‘கினு’ என வழங்குவதை நான்கு ஆண்டுகள் ஆராய்ந்திருந்தார். ஊர் ஊராகச் சென்று மக்கள் பேசியதைப் பதிவு செய்து, கையால் எழுதி, ஒன்பது நோட்டுப் புத்தகங்களைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். காலக்கெடு ஏற்கெனவே ஒருமுறை நீட்டிக்கப்பட்டிருந்தது. அந்த மாதக் கடைசிக்குள் ஏட்டை ஒப்படைக்காவிட்டால் பதிவு ரத்தாகிவிடும். நான்கு ஆண்டு உழைப்பும் வீண்.

இயல்களைத் தனித்தனியே தட்டச்சு செய்தவரை கணினி பணிந்து நடந்தது. எல்லாவற்றையும் ஒரே கோப்பாகச் சேர்த்து, பக்க எண் இடத் தொடங்கியதும் உறைந்து நின்றது. மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் நின்றது. படவேட்டுக்குப் பேருந்து அரிது. கடைசிப் பேருந்தைப் பிடிக்க எழுந்த கலைவாணி, திரையைப் பார்த்துச் சொன்னார்:

“நாலு வருஷம் நான் நடந்துகினே இருந்தேன் மேடம். இது நாலு நிமிஷம் நடக்க மாட்டேன்னுதே.”

ஒரே மூச்சு

சலீம் பாய் ஒரு வழி சொன்னார். அவர் கடையில் ஒரு புதிய கணினி இருந்தது. ஒரு நாள் அதில் வேலை செய்து பார்த்து, பிடித்தால் அதேபோல் ஒன்றை அமைத்துத் தருவார். ஃப்ளாப்பிகளோடு சென்றேன். வீட்டில் உறைந்த கோப்பு அங்கே இமைப்பொழுதில் ஒன்றாகிப் பக்க எண்ணும் பெற்றது.

எஞ்சியது ஒரு திருத்தம். “நான் எழுதற எடத்துல எங்கியாச்சும் ‘கினு’ வந்திருந்தா மாத்திடுங்க மேடம்” என்று கலைவாணி கேட்டிருந்தார். அவருடைய சொந்த நடையில் அப்படிப் பத்துப் பன்னிரண்டு வழுக்கள் இருப்பது எனக்குத் தெரியும். என் கணினியில் என்றால் ஒவ்வொன்றாகத் தேடியிருப்பேன். இங்கோ, ‘கினு’ வருமிடமெல்லாம் ‘கொண்டு’ என்று மாற்ற ஒரே பொத்தான் போதும். எவ்வளவு நேரமாகும் என்று அறியும் ஆவலில் அதை அழுத்தினேன். ஈராயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் மாற்றியதாகக் கணினி அறிவித்தது. முதுகலை படித்தவர் இத்தனை இடங்களிலா வழுவுவார் என்று மனம் வருந்தினேன். நன்றியுரையை மட்டும் சரிபார்த்தேன், பழுதில்லை. எதையும் ஒழுங்காகச் செய்பவள் ஆதலால், உடனே சேமித்து, ஃப்ளாப்பிகளில் இருந்த பழைய பிரதிகளை அழித்துத் திருத்திய பிரதியைப் பதிந்தேன்; வீடு சென்று அங்கிருந்த கோப்புகளையும் அவ்வாறே மாற்றினேன். கடையைவிட்டுக் கிளம்பும்போதே, எனக்கும் அதேபோல் ஒரு கணினி அமைத்துத் தரச் சொல்லியிருந்தேன். அப்போது சலீம் பாய் மகிழ்ச்சியோடு சொன்னார்:

“பாத்தீங்களா டீச்சர், நீங்க ஒரு மாசம் செய்யறத அது ஒரே மூச்சுல ஜல்தியா முடிச்சிடுச்சி.”

அனைவரும் தேர்ச்சி

ஞாயிறன்று கலைவாணி வந்தார். அச்செடுத்த ஏட்டை அவர் கையில் கொடுத்துவிட்டுக் காப்பி கலக்கச் சென்றேன். திரும்பி வந்தபோது அவர் முதற்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘ஆரணி வட்டாரப் பேச்சில் கினு’ என்ற தலைப்பு, ‘ஆரணி வட்டாரப் பேச்சில் கொண்டு’ என்றிருந்தது. உள்ளே முதல் இயல் இவ்வாறு தொடங்கியது: “‘வந்துகொண்டு’ என்னும் வடிவம் இவ்வட்டாரத்தில் ‘வந்துகொண்டு’ எனத் திரிந்து வழங்குகிறது.” சான்றாகக் காட்டப்பட்ட நெசவாளர்கள், உழவர்கள், பேருந்து நடத்துநர்கள் அனைவரும் பிழையறப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

காப்பித் தட்டைக் கீழே வைத்துவிட்டு நாள்காட்டியைப் பார்த்தேன். ஒப்படைக்கப் பதினொரு நாள்களே இருந்தன. கலைவாணி கோபப்படவில்லை. பக்கங்களை மெல்லப் புரட்டிக்கொண்டே சொன்னார்:

“எங்க ஊரு ஆளுங்க மொத்தப் பேரும் ஒரே நாள்ல புலவர் பரீட்சை பாஸ் பண்ணிட்டாங்க மேடம்.”

திருப்பி மாற்றுதல்

சலீம் பாயிடம் ஓடினோம். அவர் கலங்கவில்லை. ‘கொண்டு’ எல்லாவற்றையும் ‘கினு’ என்று திருப்பி மாற்றிவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்றார். ஒரு பிரதியில் செய்து பார்த்தோம். “ஆய்வாளர் இதனைக் கருத்தில் கினு” என்று ஒரு வரி தோன்றியது. அடுத்த வரியில், “சான்றுகளைக் கினு நிறுவலாம்” என்றிருந்தது. சலீம் பாய் இரண்டையும் வாய்விட்டுப் படித்துவிட்டுச் சொன்னார்:

“மாத்தறது மெஷினுக்குத் தெரியுங்க, எத மாத்தறதுன்னு நீங்கதான் சொல்லணும்.”

ஒற்று மிகும் இடம்

புதிய கணினியை நிறுத்தி வைக்கச் சொன்னேன். பள்ளிக்கு விடுப்பு எடுத்து, கலைவாணி என் வீட்டிலேயே தங்கினார். இயல் இயலாகப் பிரித்துப் பழைய கணினியில் ஏற்றினோம். அவர் நோட்டைப் பார்த்து வாசிக்க, நான் ஒவ்வோர் இடமாகத் தேடி, நின்று, மாற்றினேன்.

மூன்றாம் நாள் ஒன்றைக் கவனித்தேன். நோட்டுகளில் ‘எடுத்துக்கினு’ என்று க் வந்தது. ‘வந்துகினு’ என்பதில் வரவில்லை. எழுத்துப்பிழை என்று எண்ணி நிறுத்தினேன். பிறகு வியப்பு மேலிட்டது. எடுத்துக்கொண்டு, வந்துகொண்டு என்று நான் வகுப்பில் நடத்திய அதே விதி. ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்பதை இம்மக்கள் யாரிடமும் கற்காமல் பேச்சில் காத்திருக்கிறார்கள். அன்று முதல் விளக்கம் தேடி ஒவ்வொரு சொல்லையும் துருவினேன். ‘பேசிகினு’ என்பதோ விதிக்கு இணங்க மறுத்தது. ‘பேசிக்கொண்டு’ என்பதில் ஒற்று மிகுகிறதே! ஏன் இது அடங்கவில்லை என்று கேட்டேன். கலைவாணி நோட்டிலிருந்து தலை நிமிராமல் சொன்னார்:

“பேசறது எங்க மேடம் அடங்கும்?”

கடைசித் தகவலாளர்

கெடு முடியும் நாளில் ஏட்டை ஒப்படைத்தார். மறுவாரம் அட்டையிட்டுக் கட்டிய பிரதி ஒன்றை எனக்குக் கொண்டுவந்தார். பின்னிணைப்பில், தகவல் தந்தோர் பட்டியலை அவரே இறுதி நாளில் சேர்த்திருந்தார். அதன் கடைசி வரியில் என் பெயர். பிழை என்றேன், நான் யாருக்கும் எதையும் பேசிப் பதிவு செய்யவில்லை.

“நான் இங்க தங்கியிருந்தப்ப, ஒரு வியாழக்கெழம, புதுக் கம்ப்யூட்டர் வேணுமா வேணாமான்னு சலீம் பாய் போன்ல கேட்டாரே. ‘யோசிச்சிகினு இருக்கேன், சொல்றேன்’னீங்க. நாள், நேரம் எல்லாம் குறிச்சி வச்சிருக்கேன் மேடம்.”

ஆக, ஓராண்டு ஆராய்ச்சியின் முடிவாக, நினைவகத்தை மட்டும் இரட்டிப்பாக்கிகினு மற்றவற்றையெல்லாம் இருந்தபடியே வைத்துக்கொண்டேன்.