நாற்பத்தொரு வில்லைகள்

எதிரே வருபவரின் முகத்தைச் சவுரியம்மாள் கடைசியாகத்தான் பார்ப்பார். பார்வை முதலில் செருப்பில் இறங்கும். வார், தையல், ஓரம் என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மனமிருந்தால் மேலே ஏறும். ஆம்பூர் பஸ் நிலையத்தில் அது என் முகம்வரை ஏறவேயில்லை. "இத்த எங்க சார் வாங்குனீங்க? ஓரம் சீவாமலே மடிச்சிருக்கிறான் பாருங்க. கடிக்குமே?" என்றார். கடித்துக்கொண்டுதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையிலும் இதே கதை. நற்கருணை வாங்க முழந்தாளிட்டுத் தலை குனிந்தவரின் கண்ணில் பங்குச் சாமியாரின் செருப்பு பட்டுவிட்டது. ‘ஆமென்’ சொல்ல வேண்டிய இடத்தில், "அடி பிரிஞ்சிடுச்சு சாமி" என்று சொல்லிவிட்டார். சாமியார் அந்த வாரமே தைத்துப் போட்டார். அந்தத் தையலையும் சவுரியம்மாள் ஒப்புக்கொள்ளவில்லை.

வயது முப்பத்தெட்டு. ஷூ கம்பெனி ஒன்றில் ‘அப்பர்’ பிரிவில் வேலை. அதாவது ஷூவின் மேல்பாகம். தோலின் ஓரத்தை வெங்காயச் சருகு போலச் சீவி, பசை தடவி, உள்பக்கம் மடித்து, சின்னச் சுத்தியால் தட்ட வேண்டும். இவர் மடித்த ஓரத்தில் விரலை ஓட்டினால் மடிப்பு எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று விரலுக்கே தெரியாது.

ஊரை மாற்றும் ஆவேசம் மனிதருக்குள் எங்கே பிறக்கிறது என்பது பற்றி மேடைகளில் நிறையக் கேட்டிருக்கிறோம். நெஞ்சில் என்பது பெரும்பான்மைக் கட்சி. ரத்தத்தில் என்று சொல்வோரும் உண்டு. சவுரியம்மாள் விஷயத்தை நடுநிலையோடு விசாரித்த வகையில், அது அடிவயிற்றில் பிறந்தது. இன்னும் சரியாகச் சொன்னால், காலை பதினொன்றே காலுக்கு.

எண்பத்து மூன்றில் கிருஷ்ணராஜ் என்பவர் மேனேஜராக வந்தார். பெண்கள் அடிக்கடி எழுந்து போவதால்தான் உற்பத்தி கம்மியாகிறது என்று கண்டுபிடித்தார். கண்டுபிடித்தவர் சும்மா இருப்பாரா? தம் கையாலேயே உள்ளங்கையளவு தோலில் ஒரு வில்லை வெட்டி, ஓரம் தைத்து, கயிறு கோத்து, சூப்பர்வைசர் அதாவுல்லாவின் மேஜைக்கு மேலே ஆணியடித்து மாட்டினார். அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டவர் மட்டுமே கழிப்பறைக்குப் போகலாம். பெண்கள் நாற்பது பேர். வில்லை ஒன்று.

கழிப்பறையும் ஒன்றுதான். கட்டிங் பிரிவு ஆண்களுக்கும் அதுவே. அவர்களுக்கு வில்லை கிடையாது. கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஆகவே உள்ளே போன பெண் வெளியே வரும்வரை பாடிக்கொண்டே இருக்க வேண்டும். சவுரியம்மாள் மாதா பாட்டுப் பாடுவார். பக்கத்து மெஷின் ஷஹீன் பானுவுக்குப் பாட்டு வராது. பதினாறாம் வாய்ப்பாடு சொல்வாள். கட்டிங் பிரிவில் அத்தனை பேருக்கும் பதினாறாம் வாய்ப்பாடு மனப்பாடமாகிவிட்டதாகக் கேள்வி.

ஷஹீன் பானுவுக்கு அப்போது ஏழாம் மாதம். ஒரு நாள் பதினொன்றே காலுக்கு, வில்லைக்காகக் காத்துக் காத்து, மெஷின் மேலேயே கவிழ்ந்து அழுதுவிட்டாள். "தாங்கலக்கா!" அவ்வளவுதான். காலையிலிருந்து சவுரியம்மாளும் அடக்கிக்கொண்டுதான் இருந்தார் என்பதைச் சரித்திரம் குறித்துக்கொள்ள வேண்டும்.

மேனேஜரின் பிழையைக் கவனியுங்கள். வில்லையை மரத்தில் செய்திருக்கலாம். தகரத்தில் செய்திருக்கலாம். தோலிலேயே பிழைக்கும் நாற்பது பெண்களைக் கட்டிப்போட, தோலில் செய்தார்.

நான்காம் நாள் காலை, நாற்பது கழுத்துகளில் நாற்பது வில்லைகள் தொங்கின. ஆணியிலும் ஒன்று அப்படியே இருந்தது.

"இன்னாம்மா பேஜாரு இது! இருக்கிறது ஒரே டோக்கன்" என்றார் அதாவுல்லா.

"ஆமா பாய். அதைத்தான் மாட்டினு இருக்கிறோம்" என்றார் சவுரியம்மாள்.

"நாப்பது பேருமா?"

"பாய்க்குக் கண்ணாடி போடுற வயசாயிடுச்சு" என்றாள் ஷஹீன் பானு.

மேனேஜர் வந்தார். நாற்பத்தொன்றையும் மேஜையில் கொட்டிக் கலைத்தார். "இத்த செஞ்சது யாரு? அவங்களுக்கு இன்னியோட வேலை இல்ல."

சவுரியம்மாளுக்குக் கணவர் இல்லை. வீட்டில் இரண்டு பெண்கள் பள்ளிக்கூடம் போகிறார்கள். வாயை மூடிக்கொண்டிருக்க வேறு காரணம் தேவையில்லை. மூடிக்கொண்டும் இருந்திருப்பார். கெடுத்தவர் கிருஷ்ணராஜ்தான். குவியலில் கைவிட்டு ஒன்றை எடுத்து, முகம் சுளித்து, "திருட்டு வேலையிலயும் ஒரு சுத்தம் வேணாம்? எலி கடிச்ச மாதிரி வெட்டியிருக்குது. தையலும் கோணலும் மாணலுமா!" என்றார்.

சவுரியம்மாள் ஒரு அடி முன்னால் வந்தார். பின்னாலிருந்து ஷஹீன் பானு அவர் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். பிரயோசனமில்லை.

"சார், அது நீங்க செஞ்சது" என்றார். மற்ற நாற்பதையும் அவர் பக்கம் தள்ளினார். "என்து இதெல்லாம். ஓரத்த தடவிப் பாருங்க."

கிருஷ்ணராஜ் தடவிப் பார்த்தார். கொஞ்ச நேரம் தடவினார். பிறகு சவுரியம்மாளை வேலையை விட்டு நிறுத்தினார்.

அடுத்த மூன்று நாள் மற்றவர்கள் மடித்த ஓரங்கள் அப்பளம் போலப் பொங்கி நின்றன. மடிக்க வராமல் அப்படி மடித்தார்களா, வந்தும் அப்படி மடித்தார்களா என்று நான் விசாரிக்கவில்லை. முந்நூறு ஜோடி தேறாமல் திரும்பியது. நான்காம் நாள் அதாவுல்லா சைக்கிளோடு சவுரியம்மாள் வீட்டு வாசலில் நின்றார்.

"வாம்மா, சார் கூப்புட்டாரு."

"டோக்கன்?"

"கிடாசிட்டாரு."

"பொம்பளைங்களுக்குத் தனியா பாத்ரூம்?"

"கட்றாங்கம்மா. செங்கல்லு வந்து இறங்கிடுச்சு."

"தாப்பா?"

"அது வேறயா?"

"பின்ன? இன்னும் வாய்ப்பாடு படிச்சினு இருக்கணுமா? முடிச்சிட்டு வந்து கூப்புடுங்க பாய். வர்றேன்."

பதினோரு நாளில் முடித்தார்கள். அதற்குள் இன்னும் எத்தனை ஜோடி திரும்பியது என்பதைக் கம்பெனி வெளியே சொல்வதில்லை. தச்சர் சாமுவேல் பித்தளைத் தாழ்ப்பாள் மாட்டினார். திறப்பு விழாவுக்கு ரிப்பன் ஒன்றுதான் குறை. நாற்பது பேரும் வரிசையில் நிற்க, முதலில் சவுரியம்மாள் உள்ளே போனார். தாழ்ப்பாள் விழுந்தது. திறந்தது. விழுந்தது. மறுபடி திறந்தது. பிறகு சத்தமே இல்லை.

"அக்கா, இன்னாக்கா பண்றே உள்ள? எனக்கு முட்டுது!" என்று கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள் ஷஹீன் பானு.

கதவு ஒரு சாண் திறந்தது. கை மட்டும் வெளியே வந்தது. அதில் சீவுகத்தி முனையால் கழற்றிய தாழ்ப்பாளும் நான்கு திருகாணிகளும் இருந்தன.

"சாமுவேலு, ஒரு நூல் கோணல். சரியா மாட்டு."